லூசிட் ட்ரீம் பழகத் தொடங்கி 3 வாரம் ஆச்சு, ஒண்ணும் பிடிபடலை – எங்கே தப்பு?

ரங்கூன்_தம்பி:

எல்லாருக்கும் வணக்கம். கனவு கண்டுக்கிட்டு இருக்கும்போதே "இது கனவு"ன்னு தெரிஞ்சுக்கிறதை இங்க பல பேர் விழிப்புக் கனவுன்னு எழுதுறீங்க. அதைப் பழகத் தொடங்கி 3 வாரம் ஆகுது. பகல்ல 20 தடவை கையைப் பார்த்து "இது கனவா?"ன்னு கேட்டுக்கிறேன். படுக்கும்போது "இன்னைக்குக் கனவுல முழிச்சுக்குவேன்"னு சொல்லிக்கிட்டே தூங்கிடுறேன். பலன் இல்லை. தெரிஞ்சவங்க கொஞ்சம் விவரமாச் சொல்லுங்க.

வாரத்துக்கு ரெண்டு கனவுதான் ஞாபகம் நிக்குது, அது போதுமா? ராத்திரி நடுவுல எழுந்து திரும்பத் தூங்கணும்னு சொல்றாங்களே, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் முழிச்சிருக்கணும்? அசையாமப் படுத்து, உடம்பை மட்டும் தூங்க வச்சு, நேரா கனவுக்குள்ள போற வழி ஒண்ணு இருக்காமே, அதுதான் சீக்கிரம் பலிக்குமா? அப்படிச் செஞ்சா அமுக்குவான் பேய் நெஞ்சுல வந்து உக்காரும்னு வீட்ல பெரியவங்க சொல்றாங்க. இதையெல்லாம் விட முக்கியமா, இது நிசமாவே தூக்கத்துல நடக்குதா, இல்ல முழிச்ச பிறகு நாமளா நினைச்சுக்கிறதா?

மோல்மேன்_அக்கா:

தம்பி, கடைசிக் கேள்வியை முதல்ல எடுத்துக்கிறேன். அதுல சந்தேகம் இருந்தா மத்ததுல மனசு நிக்காது.

கனவு அதிகமா வர்ற தூக்கத்துக்கு ரெம் தூக்கம்னு பேர். அந்த நேரத்துல கை கால் தசையெல்லாம் செயலிழந்து கிடக்கும், கண்விழி மட்டும் மூடின இமைக்குள்ள ஓடிக்கிட்டு இருக்கும். 1975இல் இங்கிலாந்து ஹல் பல்கலைக்கழகத்துல கீத் ஹெர்ன் இந்த ஒரு வாசலைத்தான் பயன்படுத்தினார். ஆலன் வோர்ஸ்லிங்கிறவர், கனவுல தெளிவு வந்ததும் முன்னமே பேசி வச்சபடி கண்ணை இடமும் வலமுமா ஆட்டினார். மூளை அலைக் கருவி "தூங்குறார்"னு காட்டிக்கிட்டு இருந்தப்பவே அந்தக் கண் அசைவு தாள்ல பதிவாச்சு. அவங்களைச் சாராம அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீபன் லபெர்ஜும் இதையே நிரூபிச்சார். 2021இல் நாலு நாட்டு ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து வெளியிட்ட ஆய்வுல, தூங்குறவர்கிட்ட "8லிருந்து 6 போனா எவ்வளவு?"ன்னு கேட்டப்ப, அவர் கண்ணை ரெண்டு தடவை ஆட்டி பதில் சொன்னார். அதனால இது கற்பனை இல்லை.

இப்ப உங்க தப்பு எங்கேன்னு பார்ப்போம். வாரத்துக்கு ரெண்டு கனவு போதாது. நேத்து ராத்திரியே உங்களுக்கு ஒரு விழிப்புக் கனவு வந்திருக்கலாம், காலைல அது மறந்து போயிருக்கலாம். ஒரு நாளைக்கு ஒரு கனவாவது கையில நிக்கிற வரைக்கும் மத்த எந்த முறையையும் தொடாதீங்க. பெரும்பாலானவங்களுக்கு அதுக்கு ரெண்டு மூணு வாரம் பிடிக்கும்.

கனவு தொலையறதே எழுந்த முதல் நிமிஷத்துல நாம செய்ற காரியத்தாலதான். புரண்டு படுக்கிறது, போனை எடுக்கிறது, "இன்னைக்கு என்ன வேலை"ன்னு யோசிக்கிறது, இந்த மூணுல ஒண்ணு போதும். முழிப்பு வந்ததும் கண்ணைத் திறக்காம, எந்தப் பக்கம் படுத்திருந்தீங்களோ அப்படியே கிடங்க. "என்ன கனவு?"ன்னு கேட்டா மனசு பெரும்பாலும் "ஒண்ணுமில்லை"ன்னுதான் சொல்லும். "இப்பதான் எதை நினைச்சுக்கிட்டு இருந்தேன், மனசு எப்படி இருக்கு?"ன்னு கேளுங்க. பயமா, அவசரமா, சந்தோஷமா, ஏதாவது ஒரு உணர்ச்சி மிச்சம் இருக்கும். அதைப் பிடிச்சா கடைசிக் காட்சி வரும். அதுக்கு முன்னாடி என்ன, அதுக்கும் முன்னாடி என்னன்னு பின்னோக்கியே போங்க. ஒண்ணும் வரலைன்னா அசையாம ஒரு நிமிஷம் இருந்துட்டு, மெதுவா நீங்க வழக்கமா படுக்கிற இன்னொரு பக்கம் திரும்பிப் பாருங்க. அந்தப் பக்கம் படுத்திருந்தப்ப கண்ட கனவு சில சமயம் அப்பத்தான் மேல வரும்.

வந்ததை உடனே எழுதணும். முழு வாக்கியமா எழுத உக்காந்தா பாதி மறந்துடும், அதனால முதல்ல சொற்கள் மட்டும் போதும். இப்படி: "பழைய வீடு – மாடிப்படி நீளமா – இறந்துபோன தாத்தா டீ ஊத்துறார் – கால்ல செருப்பு இல்லை – பரீட்சைக்கு நேரமாச்சு." விரிவாப் பிறகு எழுதிக்கலாம். கொசுவலைக்குள்ள மல்லாந்து படுத்துக்கிட்டு எழுதறதுக்கு பேனாவை விட பென்சில் நல்லது, பேனாவுல மை இறங்காது. சின்ன டார்ச் ஒண்ணைத் துணியால சுத்தி மங்கலா வச்சுக்குங்க.

15, 20 கனவு சேர்ந்ததும் நோட்டைப் படிச்சுத் திரும்பத் திரும்ப வர்றதை அடிக்கோடு போடுங்க. இறந்தவங்க உயிரோட இருக்கிறது, பள்ளிக்கூடப் பரீட்சை, செருப்பைக் காணோம், பஸ் தப்பிப்போச்சு மாதிரி ஒவ்வொருத்தருக்கும் சிலது இருக்கும். அதுதான் உங்க கனவு அடையாளம். அடுத்ததுக்கு அதுதான் மூலப்பொருள்.

பகோ_ஆறு:

அக்கா சொன்னதுக்கு மேல நேரக் கணக்கை மட்டும் சொல்றேன்.

தூக்கம் சுமார் 90 நிமிஷச் சுற்றுகளாப் போகும். முதல் சுற்றோட ரெம் சில நிமிஷம்தான். விடியப் போற நேரத்துச் சுற்றுல அதுவே அரை மணி நேரத்துக்கு மேல நீளும். நீங்க ராத்திரி 10 மணிக்குப் படுக்கும்போது சொல்லிக்கிறது, அடுத்து வர்ற ஆழ்ந்த தூக்கத்துல மூழ்கிப் போகுது. விதையைத் தண்ணி இல்லாத நிலத்துல போடற மாதிரி. 10 மணிக்குத் தூங்கினா 3 மணிக்கு எழுந்துக்குங்க, அதாவது தூங்கி 5 மணி நேரம் கழிச்சு. அப்பப் போடற விதைதான் முளைக்கும்.

எவ்வளவு நேரம் முழிச்சிருக்கணும்ங்கிறது ஆளைப் பொறுத்தது. படுத்த உடனே தூங்கிடுறவங்க 20, 30 நிமிஷம் உக்காரலாம். தூக்கம் சுலபமா வராதவங்களுக்கு 5, 10 நிமிஷமே அதிகம். அந்த நேரத்துல தண்ணி குடிங்க, ஒண்ணுக்குப் போயிட்டு வாங்க, கனவு நோட்டைப் படிங்க. பெரிய லைட்டும் போனும் வேண்டாம்.

அதுக்குப் பிறகு செய்றதுக்கு லபெர்ஜ் வச்ச பேர் மைல்ட். இது மந்திர உச்சாடனம் இல்லை, ஞாபகப் பயிற்சி. "கடைக்குப் போகும்போது உப்பு வாங்கணும்"னு நினைச்சு வச்சா, கடையைப் பார்த்ததும் ஞாபகம் வருதே, அதே திறமைதான். முழிச்சதும் அப்ப கண்ட கனவை முழுசா நினைச்சுக்குங்க. படுத்துக்கிட்டு "அடுத்து நான் கனவு காணும்போது, இது கனவுன்னு ஞாபகம் வச்சுக்குவேன்"னு பொருள் உணர்ந்து சொல்லுங்க. பிறகு அந்தக் கனவுக்குள்ள திரும்பப் போற மாதிரி மனசுல ஓட்டுங்க. தாத்தா டீ ஊத்துற இடம் வரட்டும். அந்த நொடியில "தாத்தா இறந்துட்டாரே, அப்ப இது கனவு"ன்னு உங்களுக்கே உறைக்கிற மாதிரி பார்க்கணும். அதுக்குப் பிறகு என்ன செய்வீங்கன்னும் ஒரு காட்சி. இதையே மாத்தி மாத்தி, தூங்கிப் போற வரைக்கும். மனசு வேற எங்கேயாவது ஓடிட்டா திட்டிக்காதீங்க, திரும்பக் கூட்டிட்டு வாங்க. தூக்கத்துக்கு முன்னாடி கடைசியா இருந்த எண்ணம் இதுவா இருந்தா போதும்.

ஆஸ்திரேலியாவுல 2017இல் டென்ஹோம் ஆஸ்பி வெளியிட்ட ஆய்வு இதுக்கு நல்ல அளவுகோல். பகல் சோதனை, 5 மணி நேரத்துல எழுந்திருக்கிறது, மைல்ட், மூணையும் சேர்த்து ஒரு வாரம் செஞ்சவங்களுக்கு 17 சதவீத முயற்சிகள் பலிச்சுது. மைல்ட் முடிச்சு 5 நிமிஷத்துக்குள்ள தூங்கிட்டவங்களுக்கு அதுவே 46 சதவீதம். நல்லாக் கவனிங்க, எத்தனை தடவை சொன்னீங்கங்கிறது கணக்கில்லை, எவ்வளவு சீக்கிரம் திரும்பத் தூங்கினீங்கங்கிறதுதான் கணக்கு. நூறு தடவை எண்ணிக்கிட்டு முழிச்சே கிடக்கிறது வீண்.

ரங்கூன்_தம்பி:

ரொம்ப நன்றி அக்கா, அண்ணே. ரெண்டு சிக்கல். ஒரே அறையில நாலு பேர் தூங்குறோம், 3 மணிக்கு அலாரம் அடிச்சா அத்தனை பேரும் எழுந்துடுவாங்க. அடுத்தது, பகல் சோதனை 20 தடவை செய்றேனே, அது ஏன் கனவுல வர மாட்டேங்குது?

பகோ_ஆறு:

அலாரம் இல்லாமலே வழி இருக்கு தம்பி. யாரும் ராத்திரி பூரா ஒரே மூச்சாத் தூங்குறதில்லை, கனவு முடிஞ்சதும் பெரும்பாலும் ஒரு சின்ன முழிப்பு உண்டு. நாம அதை மறந்துடுறோம். படுக்கும்போது "கனவு முடிஞ்சதும் முழிச்சு அதை நினைச்சுப் பார்ப்பேன்"னு மட்டும் சொல்லிக்குங்க, ஒரு வாரத்துல அந்த முழிப்பு பிடிபடத் தொடங்கும். படுக்கப் போகும்போது ஒரு டம்ளர் தண்ணி குடிச்சாலும் உடம்பே எழுப்பும். நம்ம ஊர்ல கரண்ட் போய் ஃபேன் நின்னா வேர்த்து எழுந்துக்கிறோமே, அது 2 மணிக்குப் பிறகா இருந்தா, எரிச்சல் படாம அப்படியே மைல்ட் தொடங்குங்க. கட்டாயம் அலாரம் வேணும்னா ஒலியை அணைச்சு, அதிர்வு மட்டும் வச்சு, போனைத் தலையணை உறைக்குள்ள விடாம தலைமாட்டுல ஒரு மெல்லிய துணி மேல வையுங்க. உறைக்குள்ள வச்சா சூடாகும்.

தட்டோன்_தமிழ்:

பகல் சோதனை பற்றி நான் எழுதுகிறேன்.

கையைப் பார்த்து, விடை தெரிந்துகொண்டே "இது கனவா?" என்று கேட்டால், கனவிலும் அதே பழக்கம்தான் வரும். கனவுக் கையில் ஆறு விரலைப் பார்த்தும் "இல்லை, நனவுதான்" என்று முடிவு கட்டிவிட்டுப் போய்விடுவீர்கள். எண்ணிக்கையைக் குறையுங்கள். நாளுக்கு 6 முதல் 10 தடவை போதும். ஆனால் ஒவ்வொரு தடவையும் அரை நிமிடம் நின்று, "இங்கே எப்படி வந்தேன்? ஐந்து நிமிடத்துக்கு முன் எங்கே இருந்தேன்?" என்று உண்மையாகவே ஆராய வேண்டும். கனவில் இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் பதில் இருக்காது. அங்கேதான் முடிச்சு அவிழும்.

சோதனைகளில் நான் முதலில் வைப்பது மூக்கைப் பிடிக்கும் சோதனை. வாயை மூடி, மூக்கை விரலால் நன்றாக அடைத்துக்கொண்டு மூச்சை உள்ளே இழுத்துப் பாருங்கள். கனவில் அடைப்பது கனவு மூக்கைத்தான். பாயில் கிடக்கும் உண்மையான உடம்பின் மூக்கு திறந்தே இருப்பதால் மூச்சு தாராளமாக வரும். அந்த அதிர்ச்சியே தெளிவைக் கொடுத்துவிடும். இரண்டாவது, எழுத்தைப் படிப்பது. ஒரு கடைப் பலகையைப் படித்துவிட்டு வேறு பக்கம் பார்த்து மறுபடி படியுங்கள். கனவில் எழுத்து மாறும், எண் மாறும், வட்ட வட்டமான பர்மிய எழுத்து நெளியும். நம் பர்மா பணமான கியாட் நோட்டிலுள்ள எண்ணும் போன் கடிகாரமும் இதற்கு உதவும். ஒரு சோதனை தவறலாம் என்பதால் இரண்டையும் சேர்த்தே செய்யுங்கள்.

"சுவிட்சைப் போட்டுப் பார், விளக்கு எரியாவிட்டால் கனவு" என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். மின்வெட்டு நாள்தோறும் இருக்கும் நம் ஊருக்கு அது உதவாது. விளக்கு எரியாததை நம் மனம் கேள்வி கேட்காமலே ஏற்றுக்கொள்ளும்.

சோதனையை எப்போது செய்வது என்பதையும் ஞாபகப் பயிற்சியாக மாற்றிக்கொள்ளுங்கள். காலையில் மூன்று குறிகளைத் தேர்ந்தெடுங்கள். பிக்ஷைக்கு வரும் பொங்கிகளுக்கு (புத்த பிக்குகளுக்கு) முன்னால் தட்டும் மணியோசை, சைக்காவில் (சைக்கிள் ரிக்ஷாவில்) ஏறி உட்காரும் நேரம், யாராவது உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது, இப்படி எதுவாகவும் இருக்கலாம். அது நடந்ததும் சோதனை செய்ய வேண்டும். போனில் நினைவூட்டல் வைக்கக் கூடாது, வைத்தால் ஞாபகத் தசைக்கு வேலையே இல்லை. முதல் நாள் மூன்றில் ஒன்றைத்தான் பிடிப்பீர்கள். ஒரு வாரத்தில் மூன்றும் பிடிபட்டால் மைல்டும் பலமாகும். இரண்டும் ஒரே சரக்கு.

இனி, அசையாமல் படுத்து நேராகக் கனவுக்குள் நுழையும் முறை. அதற்கு வைல்ட் என்று பெயர். புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். இரவு 10 மணிக்குப் படுத்தவுடன் செய்தால் ரெம் தூக்கம் வர ஒன்றரை மணி நேரம் ஆகும். அதுவரை விறைத்துக் கிடந்து முதுகுவலியோடு எழுவதுதான் மிச்சம். செய்வதானால் அதிகாலை முழிப்பில் மட்டும் செய்ய வேண்டும். அசையவே கூடாது என்ற விதியும் அவ்வளவு கண்டிப்பானதல்ல. அரித்தால் சொறிந்துகொள்ளுங்கள், எச்சிலை விழுங்குங்கள். கவனத்துக்கு ஒரு மெல்லிய பிடி வேண்டும், அவ்வளவுதான். நம் ஊரில் மகாசி சயாடோ என்ற பிக்கு சொல்லித் தந்த முறையில் தியானம் பழகியவர்களுக்கு அது கையிலேயே இருக்கிறது. வயிறு எழுவதையும் அமிழ்வதையும் குறித்துக்கொண்டே இருப்பது. ஆனால் தியானத்தில் உட்காருவது போல் கூர்மையாகக் கவனித்தால் தூக்கம் வராது. நான்கில் ஒரு பங்கு கவனம் போதும். மூடிய கண்ணுக்குள் வண்ணத் திட்டுகள், துண்டு துண்டாக முகங்கள், யாரோ பேசும் ஒலி என்று வரும். பிடித்து இழுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தால், ஒரு கட்டத்தில் காட்சி முழு இடமாக விரியும்.

தியானம் பற்றி ஒரு வார்த்தை. நெடுங்காலம் தியானம் பழகியவர்களுக்கு விழிப்புக் கனவு மற்றவர்களைவிட அதிகம் வருவதாக 2019இல் வந்த ஆய்வு ஒன்று காட்டியது. அதே ஆய்வில், 8 வாரப் பயிற்சி மட்டும் பெற்றவர்களுக்கு அது கூடவில்லை. ஆகவே குறுக்குவழியாக எண்ணி முகாமுக்குப் போக வேண்டாம். சாக்கிரம், சொப்பனம், சுழுத்தி, துரியம், துரியாதீதம் என்று நம் சைவம் சொல்லும் ஐந்து அவத்தைகளில் இதைத் துரியம் என்று சிலர் சேர்க்கிறார்கள். அது பொருந்தாது. இது சொப்பனத்துக்குள்ளேயே வரும் ஒரு தெளிவு.

மோல்மேன்_அக்கா:

அமுக்குவான் பத்தி யாரும் சொல்லலையே, அந்தப் பயத்தோட ஒரு பிள்ளை தூங்கக் கூடாது.

ரெம் தூக்கத்துல தசை செயலிழக்கும்னு மேல எழுதினேன் இல்லையா? கனவுல ஓடினா நிசத்துல எழுந்து ஓடிடாம இருக்க உடம்பு வச்சிருக்கிற பூட்டு அது. சில சமயம் மனசு முழிச்சிடும், பூட்டு திறக்கக் கொஞ்சம் தாமதமாகும். அப்ப அசைய முடியாது, நெஞ்சுல பாரம், அறையில யாரோ நிக்கிற மாதிரி. நெஞ்சுப் பாரத்துக்கும் காரணம் உண்டு. மூச்சுக்குத் துணை செய்ற மார்புத் தசைகளும் தளர்ந்திருக்கும், உதரவிதானம் மட்டும் வேலை செய்யும். அதனால ஆழமா இழுக்க முடியலைன்னு தோணும், ஆனா மூச்சு நிக்காது. சில நொடியில இருந்து ரெண்டொரு நிமிஷத்துக்குள்ள தானா விட்டுடும். எழுந்திருக்கப் போராடினா பயம் கூடும். மூச்சை அதன் போக்குல விட்டு, கால் பெருவிரலை மட்டும் அசைக்கப் பாருங்க, இல்லைன்னா கண்ணை இடம் வலமா ஓட்டுங்க. மல்லாந்து படுக்கிறவங்களுக்கும் தூக்கம் கெட்டவங்களுக்கும் இது அதிகம் வரும். ஒருக்களிச்சுப் படுங்க, படுக்கிற நேரத்தை மாத்திக்கிட்டே இருக்காதீங்க. அடிக்கடி வந்து தொல்லை பண்ணினா டாக்டரைப் பாருங்க.

தெளிவு வந்த பிறகு என்ன செய்றதுன்னும் இப்பவே தெரிஞ்சு வச்சுக்குங்க. முதல் தடவை வர்றவங்க பெரும்பாலும் சந்தோஷத்துல துள்ளி உடனே முழிச்சிடுவாங்க. "இது கனவு"ன்னு தெரிஞ்சதும் பறக்கப் பார்க்காதீங்க. ரெண்டு உள்ளங்கையையும் தேய்ங்க, சூடு தெரியும். சுவரைத் தடவிப் பாருங்க, கீழே குனிஞ்சு மண்ணைத் தொடுங்க. கனவு உடம்போட தொடு உணர்ச்சி நிறைஞ்சிருக்கிற வரைக்கும் பாயில கிடக்கிற உடம்பு கவனத்துக்கு வராது. ஒரே இடத்தை முறைச்சுப் பார்த்தா காட்சி கலைஞ்சிடும், பார்வையை ஓட விடுங்க. மங்கத் தொடங்கினா நின்ன இடத்துலயே பம்பரம் மாதிரி சுத்துங்க, பெரும்பாலும் புதுக் காட்சி ஒண்ணு உருவாகும். அதையும் மீறி முழிப்பு வந்துட்டா, உடனே மூக்கைப் பிடிச்சுப் பாருங்க. உங்க அறை, உங்க கொசுவலை, பக்கத்துல தம்பி தங்கச்சி, எல்லாம் அப்படியே இருந்தும் சில சமயம் மூச்சு வரும். அது பொய் விழிப்பு, நீங்க இன்னும் கனவுலதான் இருக்கீங்க. ஒவ்வொரு காலையும் எழுந்ததும் ஒரு சோதனைன்னு வச்சுக்கிட்டா இது தப்பாது.

மாடியில இருந்து குதிக்கிறது மாதிரி எதையும் சோதனையாச் செய்யக் கூடாது. "கனவுதான்"னு உறுதியாத் தெரிஞ்சாலும் தரையில இருந்து எழும்பிப் பறங்க.

ஃபார்மசி_ரங்கூன்:

மருந்து பற்றிக் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். காலன்டமின் என்ற மாத்திரையைப் பலர் பரிந்துரைப்பதைப் பார்ப்பீர்கள். அது அல்சைமர் நோயாளிகளுக்குக் கொடுக்கும் மருந்து. 2018இல் 121 பேரை வைத்து நடந்த ஆய்வில், மருந்தே இல்லாத போலி மாத்திரை சாப்பிட்ட இரவுகளில் 14 சதவீதம் பேருக்கும், 4 மில்லிகிராமில் 27 சதவீதம் பேருக்கும், 8 மில்லிகிராமில் 42 சதவீதம் பேருக்கும் விழிப்புக் கனவு வந்தது உண்மைதான். அவர்களும் நடு இரவில் எழுந்து மைல்ட் செய்தவர்கள் என்பதை மறக்க வேண்டாம். இந்த மருந்து குமட்டலைத் தரும், இதயத் துடிப்பைக் குறைக்கும். ஆஸ்துமா, இதயக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆபத்து. டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள். பி6 வைட்டமினும் அப்படித்தான். அதைப் பற்றிய வேறொரு ஆய்வில் 5 நாள் தினமும் கொடுத்தது 240 மில்லிகிராம், நம் அன்றாடத் தேவையோ 2 மில்லிகிராமுக்கும் குறைவு. அதிக அளவில் தொடர்ந்து சாப்பிட்டால் நரம்பு பாதிக்கும், கை கால் மரத்துப் போகும்.

வாயில் போடுவதைவிட, வாயில் போடாமல் இருப்பதுதான் உங்களுக்கு அதிகம் உதவும். சாயங்காலம் டீக்கடையில் உட்கார்ந்தால் பால் டீயோடு நிற்பதில்லை, மேசையில் இருக்கும் வெறும் தேயிலைத் தண்ணீரும் நாலு கோப்பை உள்ளே போகும். ராத்திரி லப்பே கலவை வேறு. அது ஊறவைத்த தேயிலையேதான், தின்றால் தூக்கம் தள்ளிப்போகும் என்பது பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். குடித்த காஃபீனில் பாதி குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். மதியம் 2 மணியோடு நிறுத்துங்கள். புகையிலை போட்ட கூன்யாவை (வெற்றிலைச் சுருளை) மெல்லுகிறவர்கள் இரவில் அதையும் விட வேண்டும், நிகோட்டின் தூக்கத்தை மேலோட்டமாக்கும். மது முன்னிரவு ரெம்மை அமுக்கிவிடும். மனச்சோர்வுக்கான மாத்திரைகளில் பல ரெம்மைக் குறைப்பவை. அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடக் கூடாது.

இல்லாத குரல் கேட்பது, இருமுனை மனநோய் போன்றவை உங்களுக்கோ நெருங்கிய குடும்பத்திலோ இருந்தால் இந்தப் பயிற்சியே வேண்டாம். பகலிலேயே எது நிசம் என்று குழம்புகிறவருக்கு "இது கனவா?" என்ற கேள்வி நல்லதல்ல.

ரங்கூன்_தம்பி:

கடைசியா ஒண்ணே ஒண்ணு. 3 மணி முழிப்பைத் தினமும் செய்யலாமா?

பகோ_ஆறு:

வேண்டாம் தம்பி. வாரத்துக்கு ரெண்டு ராத்திரி, மறுநாள் வேலை இல்லாத நாளாப் பார்த்து, வெள்ளியும் சனியும். அன்னைக்கு அரை மணி நேரம் முன்னாடியே படுத்துடுங்க, விட்ட தூக்கம் சரியாப் போகும். மத்த நாள்ல நோட்டும் மூணு குறியும் மட்டும். பகல்ல கண்ணு சொக்குதுன்னா அந்த வாரம் அலாரத்தை விட்டுடுங்க, தூக்கம் கெட்டா கனவு ஞாபகமும் சேர்ந்தே போயிடும். நாளைக்குக் காலைல எழுந்ததும் வந்த சொற்களை இங்கேயே போடுங்க, ஒண்ணும் வரலைன்னா "வரலை"ன்னாவது நோட்டுல தேதி போட்டு எழுதுங்க.